புது மடிக்கணினிக்குப் பழைய எக்ஸ்பீ

பணிசெயல் முறைமை பாடத்தில் வின்டோஸின் வரலாற்றை நாம் ஒரு நேர்கோடாகவே சொல்லிவிடுகிறோம். 95, 98, எக்ஸ்பீ, விஸ்டா, 7, 8, 10, 11. ஒன்று போக அடுத்தது வந்தது என்று பிள்ளைகளும் எழுதி வைக்கிறார்கள். ஆனால் 2007க்கும் 2009க்கும் இடையில் அந்தக் கோடு பின்னோக்கி வளைந்தது. பெட்டியைப் பிரித்து எடுத்த புத்தம்புது மடிக்கணினியில் இருந்த விஸ்டாவை அழித்துவிட்டு, ஆறேழு வருடம் பழைய எக்ஸ்பீயைப் போட்டுக்கொண்டவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். அந்தக் கதை பாடப்புத்தகத்தில் இல்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பீ வெளிவந்தது 2001 ஒக்டோபர் 25இல். பொதுப் பாவனையாளருக்கு விஸ்டா வந்தது 2007 ஜனவரி 30இல். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே முறைமையோடு பழகிய கை. பிரின்டரும் ஸ்கேனரும் அதற்கேற்றவாறே வாங்கப்பட்டிருந்தன. விஸ்டா வந்ததும் பலவற்றுக்கு ட்ரைவர் இல்லை. 512 எம்பீ நினைவகம் போதும் என்று சொல்லி விற்றார்கள். அந்த அளவில் அது முக்கி முனகித்தான் ஓடியது.

இதில் ஒரு ஸ்டிக்கர் விவகாரமும் உண்டு. விஸ்டா வருவதற்கு முன்பே, 2006இல், 'விஸ்டா கேப்பபிள்' என்று ஒட்டிய கணினிகள் கடைக்கு வந்தன. அவற்றில் பல, விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பை மட்டுமே தாங்கக்கூடியவை. விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரை அவற்றில் வராது. வழக்குப் போட்டார்கள். 2008இல் அந்த வழக்கினூடாக மைக்ரோசொப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. நிறுவனத்தின் உபதலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், 2,100 டொலர் மடிக்கணினி தமக்கு மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று புலம்பியிருந்தார். உள்ளே இருந்தவருக்கே அந்த நிலை என்றால் வெளியே இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

2007 ஏப்ரலில் டெல் நிறுவனம் வாடிக்கையாளரின் கோரிக்கையை ஏற்று, சில மாதிரிகளில் மீண்டும் எக்ஸ்பீயைத் தெரிவாகக் கொடுத்தது.

எமக்கு முக்கியமாகப் படுவது உரிமம் பற்றிய பகுதி. பழையதற்குத் திரும்புவது களவு அல்ல, உரிம ஒப்பந்தத்திலேயே அனுமதி இருந்தது. ஆனால் யாருக்கு? விஸ்டா பிஸ்னஸ், அல்டிமேட் ஆகிய விலை கூடிய பதிப்புகளை வாங்கியவர்களுக்கு மட்டும். ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் வாங்கியவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஆகக் குறைந்த நினைவகத்தோடு ஆக அதிகம் கஷ்டப்பட்டவர் யாரோ, அவருக்குத்தான் கதவு மூடியிருந்தது. உரிமை இருந்தவருக்கும் எக்ஸ்பீ தட்டைத் தேடுவது, தொலைபேசியில் அழைத்துச் செயற்படுத்துவது என்று வேலை இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் எக்ஸ்பீக்கு மாற 59.25 டொலர் செலுத்த வேண்டியிருந்ததாக 2009 பெப்ரவரியில் வழக்கே தொடர்ந்தார். எமது ஊர்களில் அநேகர் கடையில் பிரதி செய்த சீடீயால் காரியத்தை முடித்தார்கள். அதைச் சரி என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படி செய்ய நினைத்தவருக்கும் வழி வைக்காத உரிமம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செய்முறையும் இலேசாக இருக்கவில்லை. எக்ஸ்பீ தட்டைப் போட்டால் பாதி வழியில் நீலத்திரை, கீழே 0x0000007B என்ற எண். பயந்து கணினி பழுதென்று கடைக்குக் கொண்டு ஓடியவர்கள் உண்டு. விஷயம் இதுதான்: புது மடிக்கணினிகளின் வன்தட்டு ஏஎச்சீஐ என்ற முறையில் வேலை செய்தது, 2001இல் பிறந்த எக்ஸ்பீ தட்டுக்கு அந்த மொழி தெரியாது. ஆரம்பத்தில் எஃப்6 விசையை அழுத்தி ட்ரைவரைக் கொடுக்கலாம், ஆனால் அதை ஃப்ளொப்பியில்தான் கேட்கும். மடிக்கணினிகளிலோ ஃப்ளொப்பி எப்போதோ மறைந்துவிட்டது! ஆகவே பயோஸில் போய் ஐடீஈ முறைக்கு மாற்றினார்கள். அந்த வசதி இல்லாத கணினிக்கு, என்லைட் என்ற மென்பொருளால் ட்ரைவரை உள்ளே சேர்த்துப் புதிய தட்டே எழுதினார்கள். அதன் பிறகு ஒலி, வைஃபை, திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேட்டை.

திரும்பியவர்கள் இழந்ததும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. விஸ்டாவில் தமிழ் யுனிகோட் தானாகவே சரியாகத் தெரிந்தது. எக்ஸ்பீயில் அப்படியல்ல, கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். கொன்ட்ரோல் பெனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான ஒரு பெட்டியில் சரி அடையாளம் இட வேண்டும். தமிழுக்கும் அரபுக்கும் அதே ஒரு பெட்டிதான். அடையாளம் இட்டால் மறுபடியும் எக்ஸ்பீ தட்டைக் கேட்கும். சிங்களத்துக்கு அந்தப் பெட்டியும் போதாது. விஸ்டாவோடுதான் சிங்கள எழுத்துரு வின்டோஸுடன் வந்தது, எக்ஸ்பீக்குத் தனியாக நிறுவ வேண்டும். பாமினியில் தட்டச்சுச் செய்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நம்மவர்களிடம் பாமினி இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் நினைக்கிறோம்.

எக்ஸ்பீ விற்பனையை 2008 ஜனவரியோடு நிறுத்துவதாக இருந்தார்கள், பிறகு ஜூன் 30 வரை நீட்டினார்கள். இன்ஃபோவேர்ல்ட் சஞ்சிகை எக்ஸ்பீயைக் காப்பாற்றக் கோரி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. முடிவு மாறவில்லை. ஆனால் லினக்ஸோடு வந்த ஆசுஸின் சின்ன மடிக்கணினி சந்தையைப் பிடிக்கத் தொடங்கியதும், அந்த வகைச் சிறு கணினிகளுக்கு எக்ஸ்பீ ஹோம் மேலும் இரண்டு வருடம் கொடுக்கப்பட்டது. கையொப்பம் செய்யாததைப் போட்டி செய்தது.

2009 ஒக்டோபர் 22இல் வின்டோஸ் 7 வந்ததும் திரும்பும் அலை அடங்கியது. அதற்குப் பிறகு பின்வாசல் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. 2012இல் வின்டோஸ் 8 உடன் வந்த கணினிகளில் செக்கியூர் பூட் இருந்தது. அதை நிறுத்தாமல் 7ஐப் போட முடியாது. பின்னர் வந்த கணினிகளில் யூஎஸ்பீ 3 மட்டுமே இருக்க, 7இன் நிறுவல் தட்டுக்கு அது தெரியாமல் பென்ட்ரைவே கண்ணில் படவில்லை. 2016 ஜனவரியில், இனி வரும் புதிய செயலிகளுக்கு வின்டோஸ் 10 மட்டுமே என்று அறிவித்துவிட்டார்கள்.

எக்ஸ்பீக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. மூன்று வருடம் கழித்து, 2017 மே மாதம் வன்னாகிரை பரவியபோது, கைவிட்ட அதே எக்ஸ்பீக்கு மைக்ரோசொப்ட் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை இலவசமாக வெளியிட்டது. அத்தனை பேர் இன்னும் அதிலேயே இருந்தார்கள்.