பஞ்சரத்தினத்தின் ஒளி: குவாண்டம் தகவல்தொடர்புக்கு ஒரு முன்கதை

பெரியகுளம் வட்டாரத்தில் கரும்பு தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அந்தக் கரும்புச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஆலைகளின் ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? ஒளியை வைத்துத்தான்! போலாரிமீட்டர் என்ற கருவியின் குழாயில் தெளிந்த சாற்றை ஊற்றி, அதன் வழியே ஒளியை அனுப்புவார்கள். சாற்றில் உள்ள சர்க்கரை அந்த ஒளியின் அதிர்வுத் திசையைக் கொஞ்சம் திருப்பிவிடும். எவ்வளவு திரும்பியது என்று அளந்தால் சர்க்கரையின் அளவு கிடைத்துவிடும். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள் பலரும் சர்க்கரைக் கரைசலை வைத்து இதே சோதனையைச் செய்திருப்பார்கள்.

ஊருக்கு மேலேயும் ஒளியைப் படிக்கும் ஓர் இடம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்துதான் மக்கள் மலைப்பாதை ஏறிக் கொடைக்கானல் போனார்கள். அங்கே 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். பின்னாளில் அமைந்த சுரங்கத் தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகளின் காந்தப்புலத்தையும் ஆராய்ந்தார்கள். அதற்கு உதவியதும் ஒளியின் அதிர்வுத் திசைதான்.

சர்க்கரையையும் சூரியனையும் அளக்க உதவும் இந்தப் பண்பே, இன்று யாரும் ஒட்டுக்கேட்க முடியாத ரகசியச் செய்திகளை அனுப்பவும் பயன்படுகிறது. குவாண்டம் தகவல்தொடர்பு என்று அதற்குப் பெயர். ஒளியின் அதிர்வைக் கட்டுப்படுத்தும் கலையின் வரலாற்றில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வரலாற்றின் நடுவே, முப்பது ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்த ஓர் ஆய்வுக் கட்டுரையும் உண்டு.

அதிர்வுத் திசை என்றால் என்ன?

ஒரு தாம்புக் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கயிற்றில் அலை ஓடும். பக்கவாட்டில் ஆட்டினாலும் அலை ஓடும். வட்டமாகச் சுழற்றினாலும் ஓடும். ஒளியும் இப்படித்தான். சாதாரண விளக்கொளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கும். ஏதாவது ஒரு வகை அதிர்வை மட்டும் பிரித்தெடுத்தால் அது தளவிளைவுற்ற ஒளி. குவார்ட்ஸ் போன்ற படிகங்களை மிகத் துல்லியமான தடிமனில் வெட்டி ஒளியின் பாதையில் வைத்தால், நெட்டு அதிர்வைக் கிடை அதிர்வாகவோ வட்ட அதிர்வாகவோ மாற்றலாம். அரை அலைத் தகடு, கால் அலைத் தகடு என்று அவற்றைச் சொல்வார்கள்.

1852-ல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி, எந்த ஒளியின் தளவிளைவையும் நான்கு எண்களால் சொல்லிவிடலாம் என்று காட்டினார். ஆனால் அந்த நான்கு எண்களைப் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய யாருமே சீண்டவில்லை. 1940-களில் அவற்றைத் தேடி எடுத்துப் புதுவாழ்வு கொடுத்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களின் ஒளி பற்றி அவர் 1950-ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு ஸ்டோக்ஸ் எண்கள் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தன. சந்திரசேகர் வேறு யாருமல்ல, திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன்.

ராமனும் இதில் கைவைத்தவர்தான். 1931-ல் பகவந்தத்துடன் சேர்ந்து, ஒளித்துகளான போட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதைச் சோதனையால் காட்டினார். வட்ட அதிர்வு வலமா இடமா என்பது அந்தச் சுழற்சியோடு தொடர்புடையது.

பெங்களூரில் ஓர் இளைஞர்

ராமன் 1948-ல் பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் எஸ். பஞ்சரத்தினம். 1934-ல் கல்கத்தாவில் பிறந்தவர். ராமனின் சகோதரி மகன். அயோலைட் போன்ற, ஒளியை உறிஞ்சும் படிகங்களின் வழியே பார்க்கும்போது தெரியும் வினோதமான வளையங்களும் பட்டைகளும் அவருடைய ஆராய்ச்சிப் பொருள். 1955-ல், எல்லா நிறங்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும் அலைத் தகட்டைப் பல தகடுகளைச் சேர்த்து உருவாக்கும் வழியைச் சொன்னார். 1956-ல் வந்தது அவருடைய முக்கியமான கட்டுரை. அப்போது அவருக்கு வயது 22!

அதில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இரண்டு ஒளிக்கற்றைகளின் அதிர்வு வகை வேறு வேறாக இருந்தால், அவை ஒன்றுக்கொன்று 'தாளம் தப்பாமல்' இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது? இரண்டையும் சேர்க்கும்போது எப்போது வெளிச்சம் மிக அதிகமாகிறதோ, அப்போது அவை ஒரே தாளத்தில் இருக்கின்றன என்று அவர் வரையறுத்தார். பிறகு ஒரு விசித்திரம் தெரிந்தது. முதல் கற்றையும் இரண்டாவதும் ஒரே தாளம், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே தாளம். அப்படியானால் மூன்றாவதும் முதலாவதும் ஒரே தாளமாகத்தானே இருக்க வேண்டும்? பொதுவாக அப்படி இருப்பதில்லை!

இது எப்படி? ஓர் உவமை பார்க்கலாம். ஒருவர் வட துருவத்தில் நின்று, கையில் ஒரு கம்பை முன்னோக்கி நீட்டிப் பிடித்திருக்கிறார். கம்பைத் துளியும் திருப்பாமல் நேராகப் பூமத்திய ரேகைக்கு வருகிறார். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து, உலகில் கால் சுற்று கிழக்கே போகிறார். பிறகு பின்னோக்கி நடந்து மறுபடியும் வட துருவத்துக்கே வருகிறார். வழியில் எங்கும் கம்பைத் திருப்பவே இல்லை. ஆனாலும் கம்பு இப்போது முன்பு காட்டிய திசைக்கு 90 பாகை தள்ளி நிற்கும். தரை உருண்டையாக இருப்பதுதான் காரணம்.

ஒளியின் அதிர்வு வகைகளையும் ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம். அதற்குப் புவான்கரே கோளம் என்று பெயர். மூன்று புள்ளிகளைச் சுற்றி ஒளி பழைய இடத்துக்கே திரும்பினாலும், அதன் தாளத்தில் ஒரு சின்ன மாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மூன்று புள்ளிகளால் ஆன முக்கோணம் கோளத்தின் மையத்தில் அடைக்கும் திண்மக் கோணத்தில் சரிபாதிதான் அந்த மாற்றம். இதுதான் பஞ்சரத்தினம் கண்ட உண்மை.

கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் அச்சானது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பஞ்சரத்தினம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் சில காலம் இருந்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். 1969-ல் அங்கேயே காலமானார். வயது 35 மட்டுமே.

1984: ஒரே ஆண்டு, இரண்டு கட்டுரைகள்

1984-ல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி ஒரு கட்டுரை வெளியிட்டார். குவாண்டம் அமைப்பு ஒன்றை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தால், அதன் கட்டத்தில் பாதையின் வடிவத்தைப் பொறுத்த ஒரு மாற்றம் மிஞ்சும் என்றார். உலகமே பேசியது. 'பெர்ரி கட்டம்' என்று பெயரும் வந்துவிட்டது.

இது எங்கேயோ படித்ததாயிற்றே என்று அடையாளம் கண்டவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். பஞ்சரத்தினத்தின் அண்ணன் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், 1956-லேயே இதன் ஒரு வடிவம் வந்துவிட்டது என்று எழுதினார்கள். பெர்ரி இதைப் பெருந்தன்மையோடு ஏற்றார். 1987-ல் தாமே ஒரு கட்டுரை எழுதி, பஞ்சரத்தினத்தின் முன்னோடிப் பணியை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அப்போது பஞ்சரத்தினம் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1984 டிசம்பரில், அதே பெங்களூரில் ஒரு சர்வதேச மாநாடு. கணினி, சமிக்ஞைத் துறை சார்ந்த அந்த மாநாட்டின் தொகுப்பில் சார்லஸ் பென்னட், கில்லஸ் பிராஸார்ட் இருவரும் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு உலகமெங்கும் பேசப்படும் குவாண்டம் சாவிப் பகிர்வு என்ற துறையே அதிலிருந்துதான் தொடங்கியது!

அவர்களின் யோசனை இதுதான். அனுப்புபவர் ஒவ்வொரு போட்டானையும் நான்கு அதிர்வுத் திசைகளில் ஒன்றில் அனுப்புவார்: நெட்டு, கிடை, இரண்டு சாய்வுகள். நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் போட்டானை அளந்தாக வேண்டும். எந்தத் திசையில் அளப்பது என்று அவருக்குத் தெரியாது. தவறான திசையில் அளந்தால் போட்டானின் நிலை மாறிவிடும். இரு முனையிலும் உள்ளவர்கள் சில விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே திருடன் வந்துபோனது தெரிந்துவிடும். தடயம் விடாத திருட்டு இதில் சாத்தியமில்லை.

1991-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆர்தர் எகெர்ட் இன்னொரு வழி சொன்னார். சிலவகைப் படிகங்களில் ஒரு போட்டான் நுழைந்து இரண்டாகப் பிரியும். அவை பின்னிப்பிணைந்த இரட்டையர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் நிச்சயமான அதிர்வுத் திசை கிடையாது. ஆனால் எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தாலும் இரண்டின் விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தும். இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது. ரகசியச் சாவி செய்யலாம். அதே 1991-ல் அமெரிக்காவில் க்வியாட், சியாவோ இருவரும் இத்தகைய இரட்டைப் போட்டான்களை வைத்தே, ஒற்றைப் போட்டானிலும் பஞ்சரத்தினம் சொன்ன வகைக் கட்ட மாற்றம் உண்டு என்று காட்டினார்கள்.

மூன்று தகடுகள் போதும்

பின்னிப்பிணைந்த போட்டான்களை உருவாக்கினால் மட்டும் போதாது. அவற்றின் அதிர்வை வேண்டியபடி திருப்பவும் தெரிய வேண்டும். இங்கேதான் சென்னை வருகிறது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமனும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் என். முகுந்தாவும், இரண்டு கால் அலைத் தகடுகளும் ஓர் அரை அலைத் தகடும் இருந்தால் போதும், ஒளியின் எந்த அதிர்வு நிலையையும் வேறு எந்த நிலைக்கும் கொண்டுபோய்விடலாம் என்று 1990-ல் காட்டினார்கள். இன்று குவாண்டம் ஒளியியல் ஆய்வுக்கூடங்களின் மேசைகளில் இந்த மூன்று தகடுகளை வரிசையாகப் பார்க்கலாம். ஒளியிழையில் போகும்போது வளைவாலும் வெப்பத்தாலும் அதிர்வு தடம் மாறினால், மூன்று இழை வளையங்களைத் திருகிச் சரிசெய்வதும் இதே தத்துவம்தான். வேறொரு வகை ஒளியில் பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்று சோதிக்க 2000-ல் சைமன் தந்த அளவுகோலும் உலகப் புகழ் பெற்றது.

செயல்முறையிலும் இந்தியா நகர்ந்திருக்கிறது. 2022 ஜனவரியில் அகமதாபாத்தில் விண்வெளித் துறையின் விஞ்ஞானிகள், 300 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கட்டடங்களுக்கிடையே பின்னிப்பிணைந்த போட்டான்களை வைத்துச் சாவி பகிர்ந்தார்கள். 2023-ல் மத்திய அரசு 6003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைகிறது என்று 2024-ல் அறிவிப்பும் வந்தது.

கோடிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் 1956-ல் பஞ்சரத்தினத்துக்குப் பெரிய குறை பணத்தில் இல்லை. விளக்கு, படிகத் தகடுகள், கூர்மையான கண், கணக்கு... இவை அவரிடம் இருந்தன. கிடைக்காமல் போனது வாசகர்கள். ஸ்டோக்ஸின் எண்களுக்கு ஒரு சந்திரசேகர் கிடைத்தார். பஞ்சரத்தினத்தின் கட்டுரைக்கு ஒரு ராமசேஷனும் நித்யானந்தாவும் கிடைத்தார்கள்; ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போது கிடைக்கவில்லை. கல்லூரி நூலக அலமாரிகளில் தூசு படிந்து கிடக்கும் பழைய இந்திய ஆய்விதழ்களில் இன்னும் எத்தனை பஞ்சரத்தினங்கள் இருக்கிறார்களோ? அதைக் கண்டுபிடிக்கக் கோடி ரூபாய்க் கருவி எதுவும் தேவையில்லை. புரட்டிப் படிக்க ஒரு மாணவர் போதும்.