ஐந்து கோடிக் கேள்வியும் கொட்டியாரக் குடாவும்

2011இல் 'கௌன் பனேகா குரோர்பதி' தொலைக்காட்சி வினாவிடைப் போட்டியில் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுசீல் குமார் 5 கோடி இந்திய ரூபாவை வென்றார். அப்போட்டியில் அத்தொகையை முதலில் வென்றவர் அவரே.

அமிதாப் பச்சன் கேட்ட இறுதிக் கேள்வி இது: 1868இல் நிக்கோபார் தீவுகளின் உரிமையைப் பிரித்தானியருக்கு விற்று இந்தியாவை விட்டு விலகிய காலனித்துவ நாடு எது? பெல்ஜியம், இத்தாலி, டென்மார்க், பிரான்ஸ் என நான்கு தெரிவுகள். விடை பிழைத்தால் அதுவரை சேர்த்த தொகையில் பெரும்பகுதி பறிபோகும். டென்மார்க் என்றார் சுசீல் குமார்.

மூதூரில் இருக்கும் எனக்கு அந்த விடை தூரத்து விடயமல்ல. 1620இல் ஓவ் கெட்டே தலைமையில் வந்த டேனியர், எங்கள் குடாவின் மறுகரையான திருகோணமலையில் கோட்டை கட்டத் தொடங்கினர். கண்டி மன்னருடனான பேச்சு கைகூடவில்லை. அதே ஆண்டில் தஞ்சை நாயக்கரிடமிருந்து தரங்கம்பாடியைப் பெற்றனர். 1845இல் அதைப் பிரித்தானியருக்கு விற்றனர். நிக்கோபார்தான் அவர்களிடம் கடைசியாக எஞ்சியது.

ரொபர்ட் நொக்ஸ் கொட்டியாரத்தில் பிடிபட்ட 1660ஐ எங்கள் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். அதற்கு 40 ஆண்டுகள் முன்பே டேனியர் வந்துபோன கதையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், அந்த 5 கோடிக் கேள்வி இங்கே ஊர்க்கதையாகிவிடும்.