பாத்திரம் தேய்த்தவர்களின் காலேஜ்

சரித்திரத்தில் நடந்ததை அப்படியே கதையாக எழுதினால், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டு எனக்குக் கடிதம் போட்டுவிடுவீர்கள். சில நாட்களாக நான் படித்துக் கொண்டிருக்கும் ஒரு சின்னக் காலேஜின் வரலாறு அந்த ரகத்தைச் சேர்ந்தது.

அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னஸி மாகாணத்துத் தலைநகரான நாஷ்வில்லில், ஒரு குன்றின்மேல் இருக்கிறது அது. இன்று அதன் பெயர் அமெரிக்கன் பாப்டிஸ்ட் காலேஜ். கறுப்பின வாலிபர்களுக்குப் பாதிரிப் பயிற்சி கொடுப்பதற்காக 1924-ல் திறந்தார்கள். கறுப்பர்களின் நேஷனல் பாப்டிஸ்ட் சபையும், வெள்ளையரின் சதர்ன் பாப்டிஸ்ட் சபையும் சேர்ந்து நடத்தின. இந்த இரண்டாவது சபை எப்படிப் பிறந்தது தெரியுமா? அடிமைகளை வைத்திருப்பவர் மதப் பிரசாரகர் ஆகலாமா என்ற தகராறில், "ஆகலாம்" என்று சொல்லி 1845-ல் பிரிந்து வந்தது! கறுப்பர்கள் தங்கள் பாடசாலை வாசலுக்கு வராமல் வேறிடத்தில் படிக்கட்டும் என்றுதான் பணம் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தர்மம்தான், கதவைச் சாத்திக் கொண்டு ஜன்னல் வழியாகப் போடுகிற தர்மம்.

1957-ல் அங்கே ஒரு பையன் வந்து சேர்ந்தான். அலபாமாவில் பருத்திக் காட்டில் உழைக்கும் குடும்பம்; வயது 17; பெயர் ஜான் லூயிஸ். சிறு வயதில் வீட்டுக் கோழிகளைக் கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்தவன். இந்தக் காலேஜில் சம்பளம் கட்ட வேண்டாம், வேலை செய்தால் போதும் என்பதனால் வந்தான். கிடைத்த வேலை, சமையலறையில் பெரிய பெரிய பாத்திரங்களைத் தேய்ப்பது.

கறுப்பர் உரிமைக்காகப் போராடும் தேசியச் சங்கத்தின் கிளை ஒன்றைக் காலேஜில் தொடங்க அவன் விரும்பினான். கூடாது என்றார் தலைவர். வெள்ளைச் சபையின் உதவி நின்று போனால் என்ன செய்வது? அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் மறுவேளைச் சோறு எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர் அவர். பிறர் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இந்தச் சங்கடத்தைச் சொல்வார்கள்.

காலேஜுக்குள் முடியாதது வெளியே நடந்தது. அதற்கு வித்து நம் தேசத்திலிருந்து போயிருக்கிறது. ஜேம்ஸ் லாஸன் என்ற கறுப்பின மெதடிஸ்ட் ஊழியர், நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் 1953 முதல் மூன்று வருஷம் இருந்து, காந்தியின் வழியை ஆழ்ந்து கற்றவர். மாண்ட்கோமரி நகரில் கறுப்பர்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்த செய்தியை அவர் நாகபுரிப் பத்திரிகையில்தான் படித்தார். ஊர் திரும்பியதும் நாஷ்வில் வந்து, ஒரு சர்ச்சில் மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்தார். அடிப்பதாக ஒருவன் நடிப்பான். மற்றவன் திருப்பி அடிக்காமல் இருந்து பழக வேண்டும். நம் குன்றின் காலேஜிலிருந்து லூயிஸ் போனான். அவன் தோழர்கள் பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல், வயதில் மூத்த ஸி.டி. விவியன் ஆகியோரும் போராட்டத்தில் இறங்கினார்கள்.

1960 பிப்ரவரி 13-ந் தேதி, கடைகளில் வெள்ளையருக்கு மட்டுமே சாப்பாடு பரிமாறும் மேஜைகளில் மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். 27-ந் தேதி அவர்களை அடித்தார்கள். உடம்பில் சிகரெட்டைத் தேய்த்து அணைத்தார்கள். போலீஸ் கைது செய்தது யாரை? அடி வாங்கியவர்களை, சுமார் எண்பது பேரை! லூயிஸுக்கு அதுதான் முதல் சிறை. மே 10-ந் தேதி ஆறு கடைகள் கறுப்பர்களுக்கும் உணவு பரிமாறின.

அடங்கிய போதகர்களைத் தயார் செய்யப் பணம் கொடுத்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள்! 1995-ல் சதர்ன் பாப்டிஸ்ட் சபை அடிமை முறைக்குத் துணை நின்றதற்காக மன்னிப்புக் கேட்டது. அடுத்த வருஷம் காலேஜைக் கறுப்பர்கள் கையிலேயே விட்டு விலகிக் கொண்டது.

பாத்திரம் தேய்த்த லூயிஸ், 1986-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இறக்கும்வரை அங்கத்தினராக இருந்தார். அவரும் விவியனும் காலமானது ஒரே நாளில்: 2020 ஜூலை 17. கதையில் இப்படி எழுத எனக்குத் தைரியம் வராது.