ஒரு தம்பதியின் சாப்பாட்டுக் கணக்கு



வரலாறு என்றாலே ராஜா, போர், ஒப்பந்தம் என்றுதான் பள்ளியில் பழக்கிவிட்டார்கள். இன்றைக்கு வேறு மாதிரி ஒரு வரலாறு. கணவன், மனைவி, வெளிநாட்டு வேலை, நிறையச் சாப்பாடு, கொஞ்சம் ஒயின். கதை அவ்வளவுதான். ஆனால் பி.காம் படிக்கிறவன் கண்ணுக்கு இதில் சாப்பாடு மட்டும் தெரியவில்லை, அதற்குப் பின்னால் ஓடுகிற கணக்கும் தெரிகிறது. முதலினச் செலவு எது, வருவாயினச் செலவு எது என்று பதினொன்றாம் வகுப்பிலிருந்து பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதை இந்தத் தம்பதி வாழ்ந்தே காட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் பெயர் பால் சைல்ட், ஜூலியா சைல்ட். 2009-ல் மெரில் ஸ்ட்ரீப் நடித்த 'ஜூலி அண்ட் ஜூலியா' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஞாபகம் வரலாம். படம் பார்க்காதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

கண்டியில் தொடங்கிய கதை

ஜூலியா 1912-ல் கலிபோர்னியாவின் பசடேனாவில் பிறந்தவர். வசதியான குடும்பம். வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு. அதனால் அடுப்படிப் பக்கம் போகவேண்டிய அவசியமே வரவில்லை. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு நிறுவனத்தில் சேர்ந்தார் (பிற்காலத்து சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடி). 1944-ல் அவரை அனுப்பிய இடம் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி: இலங்கையின் கண்டி! மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்கு ஆசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. ரகசிய ஆவணங்களைப் பதிந்து, வகைபிரித்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பிரிவு ஜூலியாவின் பொறுப்பு. நம்ம பாஷையில் ஃபைலிங். இந்த ஃபைலிங் பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பால் சைல்டைச் சந்தித்ததும் அங்கேதான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர், உயரத்தில் குறைந்தவர், ஓவியமும் புகைப்படமும் தெரிந்தவர். 1920களில் பாரிஸில் வாழ்ந்தவர், பிரெஞ்சு சரளம், நாக்கும் தேர்ந்த நாக்கு. இருவரையும் அடுத்து சீனாவின் குன்மிங் நகருக்கு மாற்றினார்கள். ராணுவ மெஸ் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை. எனவே இருவரும் ஊருக்குள் போய்ச் சீனக் கடைகளில் சாப்பிட ஆரம்பித்தார்கள். காதல் வளர்ந்தது சாப்பாட்டு மேஜையில்தான். 1946 செப்டம்பரில் கல்யாணம்.

கல்யாணத்துக்கு முன்பு ஜூலியா ஒரு சமையல் வகுப்புக்குப் போனார். பிரயோஜனம் பெரிதாக இல்லை. மூளைக்கறியை ரெட் ஒயினில் வேகவைத்து அவர் பாலுக்குப் பரிமாறிய விருந்து சொதப்பலின் உச்சம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பால் அதையும் சாப்பிட்டார், ஓடிப்போகவில்லை :-)

ஒரு மதிய உணவு

1948-ல் பாலுக்குப் பாரிஸில் அமெரிக்க அரசின் தகவல் சேவையில் வேலை. கண்காட்சிகள் நடத்துவது அவர் பணி. அந்த வருஷம் ஏப்ரலில்தான் மார்ஷல் திட்டம் சட்டமாகியிருந்தது. நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்கு. அமெரிக்காவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டாக்க ஆட்கள் தேவைப்பட்ட காலம்.

நவம்பர் 3-ம் தேதி லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கினார்கள். கப்பலில் கூடவே வந்த நீல நிற ப்யூக் காரில் பாரிஸ் நோக்கிப் பயணம். வழியில் ரூவான் நகரம். ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்த அதே பழைய சந்தைச் சதுக்கத்தில் 'லா குரோன்' என்ற பழம்பெரும் உணவகம். முதலில் சிப்பி, பிறகு வெண்ணெயில் வறுத்த சோல் மீன் (சோல் மொன்யேர் என்பார்கள், நம்ம ஊர் நாக்கு மீன் குடும்பம்), கூடவே புயி ஃப்யூமே என்ற வெள்ளை ஒயின், கீரை சாலட், பாலாடைக்கட்டி, கடைசியாகக் காபி. பட்டப்பகலில் சாப்பாட்டோடு ஒயின் குடிப்பார்களா என்று ஆச்சரியப்பட்ட ஜூலியா, தன் வாழ்க்கையையே திருப்பிப்போட்ட சாப்பாடு அது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. இனி கணக்கு.

யார் காசு, எந்த விலை?

அந்த மேஜைக்கு வெளியே இருந்த பிரான்சையும் பார்க்கவேண்டும். லெ ஆவ்ரும் ரூவானும் 1944-ல் குண்டுவீச்சில் சிதைந்த ஊர்கள். போர் முடிந்த பிறகும் பிரெஞ்சுக்காரர்களுக்கு நிம்மதியாக ரொட்டி கிடைக்கவில்லை. 1947-ல் ரொட்டி ரேஷன் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம். ஜெர்மன்காரன் பிடியில் இருந்த காலத்தில் கிடைத்ததைவிடக் குறைவு! ரொட்டி ரேஷன் முடிவுக்கு வந்தது 1949-ல்தான். ஆக, நம்ம தம்பதி இறங்கிய அன்றைக்கும் அந்த நாட்டில் ரேஷன் அட்டை உயிரோடு இருந்தது.

இப்போது நாணய மாற்று விகிதம். 1945 டிசம்பரில் ஒரு டாலருக்கு 119 ஃபிராங்க். 1948 ஜனவரியில் 214. 1949 செப்டம்பரில் 350. அதாவது 350 ஃபிராங்க் பில் ஒன்றைக் கட்ட 1945 கடைசியில் கிட்டத்தட்ட 3 டாலர் வேண்டும், 1949 கடைசியில் ஒரே டாலர் போதும். (பிரான்சில் விலைவாசியும் சேர்ந்தே ஏறியது, அதனால் மூன்று மடங்கு லாபம் என்று நேராகச் சொல்லிவிட முடியாது.) டாலரில் சம்பளம், ஃபிராங்கில் செலவு. வளைகுடாவில் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் நன்றாகத் தெரியும். பாலின் அரசுச் சம்பளம் பெரிதல்ல. ஜூலியாவுக்குக் குடும்பச் சொத்திலிருந்து சிறிது வருமானம் இருந்தது. இரண்டையும் சேர்த்து, பாரிஸின் உணவகம் உணவகமாக ஏறி இறங்கினார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. உள்ளூர்க்காரன் ரேஷன் வரிசையில் நிற்கும்போது வெளிநாட்டுக்காரர் மலிவாக ருசி பார்த்தார் என்பதில் கொண்டாட என்ன இருக்கிறது? கௌரவமாகச் சொன்னால் சுற்றுலா, கடுமையாகச் சொன்னால் அடுத்தவர் கஷ்டத்தில் விருந்து. அந்தக் காலத்தில் பாரிஸில் டாலர் வைத்திருந்த அமெரிக்கர்கள் ஏராளம். எல்லாரும் சாப்பிட்டார்கள், குடித்தார்கள், ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதெல்லாம் வருவாயினச் செலவு. அந்த ஆண்டோடு முடிந்தது. பால், ஜூலியா கணக்கு மட்டும் ஏன் வேறு பக்கத்தில் ஏறியது?

செலவு முதலீடாக மாறிய இடம்

காரணம், சாப்பிட்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஜூலியா முதலில் பிரெஞ்சு மொழி வகுப்பில் சேர்ந்தார். சந்தைக்குப் போய்க் கடைக்காரர்களோடு பேசிப் பழகினார். 1949 அக்டோபரில் 'கோர்டோன் ப்ளூ' சமையல் பள்ளியில் சேர்ந்தார். வீட்டுப் பெண்களுக்கான வகுப்பு போதவில்லை என்று, முன்னாள் அமெரிக்கப் படைவீரர்கள் தொழில் கற்கும் வகுப்புக்கு மாறிக்கொண்டார். சுற்றிலும் ஆண்கள், நடுவில் 37 வயதில் ஒரே பெண். ஆசிரியர் மாக்ஸ் புன்யார் எழுபது வயதைத் தாண்டியவர், புகழ்பெற்ற எஸ்கோஃபியேவிடம் வேலை பார்த்தவர். காலையில் வகுப்பு, பிறகு வீட்டுக்கு ஓடிவந்து அன்றைக்குக் கற்றதை மதியம் பாலுக்குச் சமைத்துப் போடுவது, மறுபடி பிற்பகலில் செய்முறை விளக்கம். நாம் அசைன்மென்ட்டைக் கடைசி ராத்திரி எழுதுகிற கூட்டம், இதைப் படிக்கவே மூச்சு வாங்குகிறது!

1951-ல் பள்ளியின் தேர்வில் ஜூலியா முதல் தடவை தோற்றார். கஷ்டமான பாடங்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, பள்ளியின் சின்னப் புத்தகத்தில் இருந்த ஆரம்பநிலை சமையல் குறிப்புகளை மனப்பாடம் செய்யாமல் போனதுதான் காரணம். இரண்டாம் முறை தேறினார். (அரியர் நண்பர்கள் கவனிக்க!)

பிறகு சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து, பாரிஸில் இருந்த அமெரிக்கப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த இருவரும் அமெரிக்கர்களுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜூலியா அதில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தார். கண்டி ஃபைலிங் மூளை இங்கேதான் வேலை செய்தது. பிரெஞ்சுச் சமையலில் 'கொஞ்சம் வெண்ணெய்', 'வேகும் வரை' என்றால் அங்கே வளர்ந்தவர்களுக்குப் புரியும். நம்ம பாட்டியின் 'ஒரு கை உப்பு' மாதிரி. கடல் தாண்டி இருப்பவருக்கு எப்படிப் புரியும்? அமெரிக்க மாவு வேறு, கிரீம் வேறு, பிரான்சில் கிடைக்கும் மீன் அங்கே கிடைக்காது. ஒவ்வொன்றையும் அளந்து, திரும்பத் திரும்பச் செய்துபார்த்து, தட்டச்சு செய்து, அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அனுப்பிச் சமைக்கச் சொல்லி, பதில் வாங்கித் திருத்தினார்.

இதற்கிடையே பாலுக்கு மாற்றல்மேல் மாற்றல். 1953-ல் மார்சேய். அங்கே பூயாபேஸ் என்ற மீன் குழம்பில் தக்காளி போடலாமா கூடாதா என்று ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள். 1954-ல் ஜெர்மனி. 1956-ல் வாஷிங்டன். 1959-ல் நார்வேயின் ஆஸ்லோ. ஒவ்வொரு ஊரிலும் பாத்திரம் பண்டங்களைக் கட்டி, பிரித்து, புது அடுப்பில் பழைய வேலையைத் தொடர்ந்தார் ஜூலியா.

பாலின் பக்கத்தை மறந்துவிடக்கூடாது. 1955-ல் அவரை ஜெர்மனியிலிருந்து வாஷிங்டனுக்கு அவசரமாக அழைத்தார்கள். பதவி உயர்வு என்று நினைத்துப் போனவரை உட்காரவைத்து, கம்யூனிஸ்ட் தொடர்பு உண்டா, ஓரினச்சேர்க்கையாளரா என்றெல்லாம் நாள் முழுக்க விசாரித்தார்கள். மெக்கார்த்தி காலத்துச் சந்தேக நோய். குற்றம் எதுவும் இல்லை என்று விடுவித்தார்கள். ஆனால் தன் அரசாங்கம் தன்னை நம்பவில்லை என்பது எந்த மனிதனையும் உடைக்கும். அந்தக் கசப்பிலும் மனைவியின் புத்தகத்துக்கு அவர் முதுகு கொடுத்தார். விளக்கப் படங்களுக்காகச் சமைக்கும் கைகளைப் புகைப்படம் எடுத்தார், ருசி பார்த்துக் கருத்துச் சொன்னார். 1950களில் இப்படி ஒரு கணவர்!

ஒரு பதிப்பகம் கையெழுத்துப் பிரதியை நிராகரித்தது. திருத்திக் கொடுத்தார்கள், மறுபடியும் நிராகரித்தது. கடைசியில் நாஃப் பதிப்பகத்தில் ஜூடித் ஜோன்ஸ் என்ற இளம் ஆசிரியர் அதைச் சமைத்துப் பார்த்து நம்பினார். 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் பிரெஞ்ச் குக்கிங்' 1961-ல் வெளிவந்தது. ஜூலியாவுக்கு வயது 49. அதே வருஷம் பால் அரசு வேலையை விட்டார். 1963 பிப்ரவரியில் 'தி பிரெஞ்ச் செஃப்' தொலைக்காட்சி நிகழ்ச்சி. மனைவி கேமரா முன்னால், கணவர் பின்னால் குறிப்பு அட்டையும் பாத்திரம் கழுவலுமாக. இரண்டாம் தொகுதிக்காக அமெரிக்க வீட்டு அடுப்பில் பிரெஞ்சு ரொட்டி வரவழைக்க இருவரும் பாடுபட்டார்கள். அதில் மட்டும் கரைந்த மாவு சுமார் 284 பவுண்டு.

ஐந்தொகை

பால் 1994-ல் மறைந்தார். ஜூலியா 2004 ஆகஸ்ட் 13-ல், 92-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால். பால் அவருடைய உயரத்துக்கு ஏற்ப மேடையை உயர்த்தி, எந்தச் சட்டி எந்த ஆணியில் என்று சுவரில் வரைந்து வடிவமைத்த சமையலறை, 2001-ல் அப்படியே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

என் கேள்விக்கு வருகிறேன். மலிவு ஃபிராங்க் அவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதில் அவர்களுடைய திறமை எதுவும் இல்லை, ரேஷனில் நின்ற மக்களுக்கு அதனால் நன்மையும் இல்லை. அந்தப் பற்று அப்படியே இருக்கட்டும். ஆனால் வரவுப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. ரூவானில் சாப்பிட்ட மீனை, அந்த ஊரையே பார்க்காத ஒரு பெண்மணி தன் வீட்டில் செய்யும்படி எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஆனது ஒன்பது பத்து வருஷ உழைப்பு. அந்தப் பெண்மணியிடம் டாலர் பலமும் கிடையாது, கப்பல் டிக்கெட்டும் கிடையாது. ருசி தெரிந்தவன் அடைந்த லாபம் அவனோடு நின்றால் அது செலவு, அடுத்தவர் கைக்குப் போனால் அது மூலதனம். எனக்குத் தெரிந்த வணிகவியலில் இதற்கு வேறு வகைப்பாடு இல்லை.

நம்மில் பாதிப் பேர் படிப்பு முடிந்து துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பத்தான் போகிறோம். அங்கே நல்லா சாப்பிடுங்கள், தப்பே இல்லை. அப்படியே பரிமாறுகிறவர் பேசும் மொழியில் நாலு வார்த்தையும், சமைத்தவரிடம் அளவும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.