மருந்தில்லா ஊசி பிறந்த கதை

பல்லில் ஒரு கோளாறும் இல்லாதவருக்குப் பல்வலியை வரவழைக்க முடியுமா? 1930களின் பிற்பகுதியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஜோனஸ் கெல்கிரன் என்ற இளம் மருத்துவர் வரவழைத்துக் காட்டினார். தன்னார்வலர்களின் தசைகளில் செறிவான உப்புநீரைத் துளியளவு ஏற்றுவார். வலி எங்கே தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பல்லைக் கடித்தால் கன்னத்தில் ஒரு தசை புடைக்குமே, மாசெட்டர், அதில் உப்புநீர் இறங்கியதும் மேல்பல் வலித்தது, காது வலித்தது, தாடை மூட்டு வலித்தது. குத்திய இடம் ஒன்று, நோவு தெரிந்த இடம் வேறு. 1938இல் இந்த ஆய்வு அச்சேறியது.

அந்தக் காலத்தில் தாடை வலிக்குப் பழி சுமந்தவை பல்லும் மூட்டும்தான். 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப்பற்கள் விழுந்து கடி தாழ்ந்துபோனால் மூட்டு அழுந்தி வலிக்கும் என்று எழுதியிருந்தார். அந்த நோய்க்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. தசையைச் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுத்தது கெல்கிரனின் உப்புநீர்.

நியூயார்க்கில் ஜேனட் டிராவெல் அந்தச் சந்தேகத்தைச் சிகிச்சையாக வளர்த்தார். பின்னாளில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக வெள்ளை மாளிகைக்குப் போனவர். தசையை விரலால் உருட்டிப் பார்த்தால் கயிறுபோல் இறுகிய ஓர் இழை தட்டுப்படும்; அதில் ஒரு புள்ளியை அழுத்தினால் நோயாளி துள்ளுவார், வலி வேறெங்கோ ஓடும். அதை டிரிக்கர் பாயிண்ட் என்றார்கள். தமிழில் சதை முடிச்சு எனலாம். அந்த முடிச்சில் புரோக்கெய்ன் என்ற மரப்பு மருந்தை ஏற்றினார் டிராவெல். 1960இல் பல் மருத்துவர்களின் இதழ் ஒன்றில், தாடை மூட்டில் தெரியும் வலி தலை, கழுத்துத் தசைகளிலிருந்து வரக்கூடும் என்று விளக்கி எழுதினார்.

வலியைப் போக்கியது மருந்து என்றே எல்லோரும் நம்பினார்கள். ஊசி போட்டார் என்றால் மருந்து ஏற்றினார் என்றுதானே பொருள்? வெறுங்கை முழம் போடுமா? ஆனால் 1941லேயே பிராவ், சிக்மண்ட் என்ற இரு மருத்துவர்கள் முதுகுவலிக்காரர்களில் சிலருக்கு மரப்பு மருந்து, சிலருக்கு உப்புநீர், சிலருக்கு எதுவும் ஏற்றாத வெறும் குத்து என்று பிரித்துப் பார்த்திருந்தார்கள். வெறும் குத்தும் வலியைக் குறைத்தது. உள்ளே ஒரு துளியும் இறங்காததால் அதற்கு டிரை நீட்லிங், உலர் ஊசி, என்று பெயர் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருந்த வெறும் ஊசி, தானே சிகிச்சையாகிவிட்டது.

1979இல் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் 241 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். ஊசி சரியான புள்ளியில் இறங்கிய இடங்களில் 86.8 விழுக்காட்டில் உடனே வலி தணிந்தது. பலன் மருந்தினுடையது அல்ல, ஊசியினுடையது என்பது அவர் முடிவு. மறுவருடம், மலேசியாவில் பிறந்து கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய சான் குன், வேலையில் முதுகு நொந்த தொழிலாளர்களிடம் இதைச் சோதித்து எழுதினார். மருந்து போனபின் சிரிஞ்சுக்கு என்ன வேலை? துளையுள்ள தடித்த ஊசியின் இடத்தில் மயிரிழை போன்ற அக்குபங்சர் ஊசி வந்தது. அப்படியானால் இது அக்குபங்சர்தானே என்ற சண்டையும் கூடவே வந்தது. ஊசி ஒன்று, வரைபடம் வேறு என்பது உலர் ஊசிக்காரர்களின் பதில்: அவர்கள் தேடுவது அக்குபங்சர் சொல்லும் நாடித்தடத்தை அல்ல, முடிச்சை.

1994இல் ஹாங் என்ற மருத்துவர் 58 பேரிடம் மரப்பு மருந்தையும் உலர் ஊசியையும் ஒப்பிட்டார். குத்தும்போது தசை ஒரு கணம் மீன்போல் துடித்தால் இரண்டிலும் வலி குறைந்தது. துடிக்காவிட்டால் இரண்டிலும் பெரிய பலனில்லை. மருந்தின் பங்கு, குத்திய பிறகு வரும் நோவைக் குறைப்பதோடு சரி.

மருந்தைக் கழித்தாயிற்று, சிரிஞ்சைக் கழித்தாயிற்று. குத்தையும் கழித்தால்? தாடைத் தசையிலேயே 1997இல் அதைச் செய்து பார்த்தார்கள். முப்பது பேர், சிலருக்கு மருந்து, சிலருக்கு உலர் ஊசி, சிலருக்குக் குத்துவதுபோல் பாவனை மட்டும். மூன்று கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் சற்றுத் தேவலை. 2010இல் ஸ்பெயினில் 12 பெண்களிடம் நடந்த ஆய்வு எதிர்ப்பக்கம் சாய்ந்தது: மாசெட்டரில் ஆழமாகக் குத்தியபின் வாய் கூடுதலாகத் திறந்தது, பாவனைக் குத்தில் அப்படி இல்லை. ஆனால் அளந்தது குத்திய சில நிமிடங்களில். வழக்கு இன்னும் முடியவில்லை.

இன்று தாடை வலியோடு பிசியோதெரபிஸ்ட் முன்னால் உட்கார்ந்தால் முதலில் பல்லைக் கடிக்கச் சொல்வார். புடைத்த தசையில் விரலை ஓட்டி முடிச்சைத் தேடி அழுத்துவார். பல மாதங்களாகக் கடைவாய்ப்பல்லைக் குற்றவாளியாக நினைத்து வந்தவர், “ஆமா, இதே வலிதான், பல்லுக்குப் போகுது” என்பார். கெல்கிரன் ஏற்றிய உப்புநீர் காட்டியதும் இதைத்தான். உறையிலிருந்து ஊசி இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் பிடுங்கக் காத்திருந்த பல் ஒன்று அதற்குள் தப்பியிருக்கும்.