ஃபாலோ நாற்குறை

ஃபாலோ நாற்குறை பிறவியிலேயே அமையும் ஓர் இதயக் குறைபாடு. மருத்துவமனைகளில் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்பார்கள். இதில் நான்கு குறைகள் சேர்ந்திருக்கும்: இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் பாதையில் இறுக்கம், ஓட்டைக்கு மேலாக வலப்பக்கம் நகர்ந்த பெருந்தமனி, தடித்துப்போன வலக் கீழறைத் தசை. பாதை இறுகியிருப்பதால், ஆக்சிஜன் ஏறாத இரத்தம் ஓட்டை வழியே பெருந்தமனியில் கலக்கிறது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். சற்று வளர்ந்த பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது தாமாகவே குந்தி உட்காருவார்கள். அப்போது கால் தமனிகள் மடங்கி உடல்பக்க அழுத்தம் உயர்வதால், நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் போகும்.

கண்டறிதல்

டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய இதயத்தை விவரித்தார். பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ஆர்தர் ஃபாலோ, 1888இல் நான்கு குறைகளையும் ஒரே நோயாகத் தொகுத்துக் காட்டினார். ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அறிவு சிகிச்சைக்கு வழிவகுக்கவில்லை.

முதல் சிகிச்சை

கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு நாளம் ஒன்று உண்டு. பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். மூடாதுபோன நாளத்தை 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் கட்டி மூடினார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் கண்டது இதற்கு நேர்மாறு: நாளம் திறந்திருக்கும்வரை தாக்குப்பிடித்த நீலக் குழந்தைகள், அது மூடியதும் நலிந்தனர். அப்படியானால் செயற்கையாக ஒரு நாளம் அமைக்கலாமே என்று அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக்கிடம் கேட்டார்.

அதற்கான முறையை நாய்களிடம் சோதித்து உருவாக்கியவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பினத்தவர். முன்பு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வகப் பணி செய்துகொண்டே, துப்புரவுப் பணியாளர் என்ற பதிவில் சம்பளம் பெற்றவர். 1944 நவம்பர் 29 அன்று, 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கையை நோக்கிச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு பிளேலாக் தைத்து இணைத்தார். பின்னால் முக்காலிமேல் நின்று தாமஸ் வழிகாட்டினார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தாலும், அடுத்தடுத்து நீலம் மாறிய பிள்ளைகளைக் கண்டு உலகெங்கிலுமிருந்து பெற்றோர் பால்டிமோருக்கு வந்தனர். 1945இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பிளேலாக், டாசிக் பெயர்கள் மட்டுமே இருந்தன. 1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

முழுச் சீரமைப்பு

அந்த இணைப்பு நுரையீரலுக்கு மாற்றுவழி தந்தது. ஓட்டையும் இறுக்கமும் அப்படியே இருந்தன. 1954இல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹெய், மற்றொருவரின் இரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ஓட்டத்தை இணைத்து, இதயத்தைத் திறந்து சீரமைத்தார். மறு ஆண்டில் மேயோ மருத்துவமனையில் ஜான் கிர்க்லின் இதய-நுரையீரல் கருவியின் துணையோடு அதைச் செய்தார்.

இன்று பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்து, இறுக்கத்தையும் அகற்றுகிறார்கள். எனினும் வால்வுக் கசிவு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை பின்னாளில் வரக்கூடும் என்பதால் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவை. உடனே முழு அறுவைக்கு உட்படுத்த முடியாத சிசுக்களுக்குப் பழைய இணைப்பு, செயற்கைக் குழாய் கொண்ட திருத்திய வடிவில், இன்றும் உதவுகிறது. பலர் இப்போது அதைப் பிளேலாக்-டாசிக்-தாமஸ் இணைப்பு என்கிறார்கள்.