நன்றி போடும் வரி

1792-ல் அமெரிக்கா இயற்றிய தபால் சட்டத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. ஒரு பத்திரிகையை அச்சிடுபவர், நாட்டிலுள்ள மற்ற எல்லாப் பத்திரிகை அச்சகத்தாருக்கும் தலா ஒரு பிரதியைத் தபால் கட்டணமின்றி அனுப்பலாம். சொந்த நிருபர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிற்றூர்ப் பத்திரிகைகள் இதை வைத்தே பிழைத்தன. தபால் கட்டு வந்ததும் பிரிப்பார்கள். கத்தரிக்கோலால் வேண்டியதை வெட்டி, அச்சுக் கோக்கக் கொடுத்துவிடுவார்கள். எடுத்துப் போடுவதை யாரும் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் விட்டால்தான் சண்டை.

மார்க் ட்வெயினை நாடறியச் செய்ததில் அந்தக் கத்தரிக்கோலுக்கும் பங்கு உண்டு. கலிஃபோர்னியாவின் சுரங்க ஊர் ஒன்றில் காதில் விழுந்த தவளைப் பந்தயக் கதையை அவர் எழுத, 1865 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் ‘சாட்டர்டே பிரஸ்’ அதை வெளியிட்டது. ஊர் ஊராகப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. முதலில் வெளியிட்ட இதழோ மறு ஆண்டே நின்றுபோனது! எழுத்தாளருக்குக் கிடைத்த பெயர் இதழுக்குச் சோறு போடவில்லை.

இலவசத் தபால் சலுகை 1873-ல் முடிந்தது. 1908-ல் பெர்லினில் திருத்தப்பட்ட பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கை, செய்தித்தாள் கட்டுரையை மறுபிரசுரம் செய்பவர் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றது. நம் இதழ்களில் கட்டுரையின் அடியில் வரும் ‘நன்றி’ என்ற வரியும் இதே மரபின் உறவுதான்.

இணையத்தில் அந்த வரி மட்டும் போதவில்லை. ஒரே கட்டுரை இரண்டு முகவரிகளில் கிடந்தால் தேடுபொறி பெரும்பாலும் ஒன்றைத்தான் காட்டும். எழுதியவரின் சின்னத் தளம் பின்னுக்குப் போய், எடுத்துப் போட்ட பெரிய தளம் முன்னால் நிற்பது அடிக்கடி நடந்தது. 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘கானோனிக்கல்’ என்ற குறியீட்டை அறிவித்தன. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், ‘மூலம் இந்த முகவரியில் இருக்கிறது’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒற்றை வரி அது. ஒரே தளத்துக்குள் முகவரிகள் பெருகும் குழப்பத்தைத் தீர்க்கத்தான் முதலில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், வேறு தளத்திலுள்ள மூலத்தைச் சுட்டினாலும் ஏற்போம் என்றது கூகுள். மறுபிரசுரத்துக்கு அது உதவத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் அது கட்டளை அல்ல, வெறும் பரிந்துரை. தேடுபொறி ஏற்கலாம், தள்ளலாம். எடுத்துப் போடும் தளத்தில் தலைப்பு, விளம்பரம், பக்க அமைப்பு எல்லாமே வேறாக இருக்கும்போது இரண்டும் ஒன்றென்று இயந்திரம் எப்படி நம்பும்? 2023-ல் கூகுளே தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது: மறுபிரசுரத்துக்குக் கானோனிக்கலை நம்ப வேண்டாம், எடுத்துப் போடுபவர் தன் பக்கத்தைத் தேடல் பட்டியலில் சேரவிடாமல் தடுப்பதே நல்லது. அப்படிக் கேட்டுப் பெறும் பலம் தனி எழுத்தாளருக்கு ஏது? அதனால் பலர் கட்டுரையை முதலில் தங்கள் தளத்தில் போட்டு, தேடுபொறி அதைப் படித்துக்கொண்டது உறுதியான பிறகே மற்ற தளத்துக்குக் கொடுக்கிறார்கள்.